ஐயமும் காவலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், படவேட்டில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவு விழாவில் வட்டத்தின் வளர்ச்சியைப் பாராட்டிப் பேசுவதே முறை. அப்பணியை எனக்கு முன் பேசியோர் செவ்வனே செய்துவிட்டனர். எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'இலக்கியத்தில் காவல்'. இதனை விரும்பி ஏற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மாதக் கூட்டத்தில் கவிதை வாசிப்பு முடிந்த பின் நம்முள் எழுந்த ஒரு விவாதம் முடிவு காணாமலே நின்றுபோயிற்று. அதனைத் தொடர இம்மேடையைப் பயன்படுத்திக்கொள்வதற்கு அவை என்னைப் பொறுத்தருள வேண்டும்.

விவாதம் இதுதான். தறி வீடுகளில் பட்டு நூலும் சரிகையும் களவு போகின்றன என்றும், தெருவுக்குத் தெரு இரவுக் காவல் குழு அமைக்க வேண்டும் என்றும் நண்பர் ஒருவர் சொன்னார். ஒரு சேலைக்குரிய பாவும் சரிகையும் போனால் அக்குடும்பத்தின் ஒரு மாத உழைப்புப் போயிற்று என்று பொருள். அவர் அச்சத்தில் பொய்யில்லை. "குழு அமைப்பது சரி, இருட்டில் அகப்பட்டவனை என்ன செய்வீர்கள்?" என்று அம்மையார் ஒருவர் கேட்டார். "உதைத்த பிறகு விசாரிப்போம்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சிலர் சிரித்தோம். அப்போது நண்பர், "அமெரிக்காவில் தெருக்காவலுக்குச் சென்றவர் ஒருவனைச் சுட்டே கொன்றார், நீதிமன்றம் தற்காப்பு என்று விடுதலை செய்தது. தன்னைக் காத்துக்கொள்வது குற்றமா?" என்றார். கூட்டம் இரண்டுபட்டது. நேரமாகிவிட்டதால் கலைந்தோம். எனினும் அச்சிரிப்பு என்னை விட்டபாடில்லை.

நண்பர் குறிப்பிட்ட நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்துச் சான்ஃபோர்டு நகரில், 2012 பிப்ரவரி 26 அன்று மழை தூறிய இரவில் நடந்தது அது. அங்கொரு குடியிருப்பில் முன்பு சில களவுகள் நடந்திருந்தன. குடியிருப்போர் காவல் குழு அமைத்திருந்தனர். அக்குழுவில் தொண்டராக இருந்த ஜார்ஜ் சிம்மர்மன் என்பவர் காரில் செல்கையில், தலையை மூடிய மேலாடை அணிந்து நடந்து வந்த ஒரு சிறுவனைக் கண்டு ஐயுற்றார். காவல் துறைக்குத் தொலைபேசியில் தெரிவித்தார். அதுவரை அவர் செய்தது முறையே. பின்தொடர்கிறீர்களா என்று கேட்ட பணியாளர், அது தேவையில்லை என்று சொன்ன பிறகும், அவருக்கும் அச்சிறுவனுக்கும் இடையே கைகலப்பு மூண்டது. துப்பாக்கி வெடித்தது. மாண்டவன் டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன். அக்குடியிருப்பில் தன் தந்தையோடு விருந்தினனாகத் தங்கியிருந்தவன்; கடைக்குச் சென்று திரும்பிக்கொண்டிருந்தவன். அவனிடம் இருந்தவை ஒரு மிட்டாய்ப் பொட்டலமும் ஒரு குளிர்பானமும். ஆயுதம் எதுவும் இல்லை.

சிம்மர்மனுக்கும் முகத்திலும் தலையிலும் காயம் இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. தற்காப்புக்காகவே சுட்டதாக அவர் கூறினார். 2013 ஜூலை 13 அன்று ஆறு பெண்கள் அடங்கிய நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தது. அந்நாட்டின் நகரங்களில் மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். கறுப்பினத்தாரின் உயிருக்கும் மதிப்புண்டு என்ற முழக்கம் அத்தீர்ப்பின் பின்னரே பேரியக்கமாக வளர்ந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். விடுதலைத் தீர்ப்பு என்பது, செய்தது அறம் என்று அரசு தரும் நற்சான்று அன்று. குற்றம் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். நம் நீதிமன்றங்களிலும் 'சந்தேகத்தின் பலன்' குற்றம் சாட்டப்பட்டவருக்கே உரியது. அது நல்ல நெறி. அதனை நான் குறைகூறவில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள். நீதிமன்றத்தில் ஐயம் ஓர் உயிரைக் காக்கிறது. தெருவில் அதே ஐயம் ஓர் உயிரை வாங்குகிறது. சுட்டவருக்குக் கிடைத்த சந்தேகத்தின் பலன், அவர் கண்ணில் பட்ட சிறுவனுக்குக் கிடைக்கவில்லை. நம் விவாதத்தின் உள்ளீடு இதுவே என்று கருதுகிறேன்.

அப்படியாயின் தற்காப்பே கூடாதா? கூடும். நம் சட்டம் அதனை உரிமையாகவே வழங்குகிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்த அவ்வுரிமை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இடம்பெற்றுள்ளது. தன் உடலையும் உடைமையையும் மட்டுமன்றிப் பிறருடையவற்றையும் காக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து நேரும்போதும், இரவில் வீட்டை உடைத்துப் புகுந்தபோதும், எதிரியின் உயிருக்கே ஊறு விளையும் அளவுக்கும் அவ்வுரிமை நீளும். ஆதலால் நள்ளிரவில் கதவு உடையும்போது கைகட்டி நிற்கச் சட்டம் யாரையும் சொல்லவில்லை.

ஆனால் அவ்வுரிமைக்கு 37ஆம் பிரிவு வரம்பு கட்டியிருக்கிறது. அரசின் பாதுகாப்பை நாட நேரம் இருக்குமாயின் அவ்வுரிமை இல்லை. தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்ய ஒருபோதும் உரிமை இல்லை. ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்து மரத்தில் கட்டி அடிப்பது தற்காப்பாகாது. பிணையில் விடத்தகாத, காவல் துறை தானே கைது செய்யத்தக்க குற்றத்தைக் கண்ணெதிரே செய்தவனைத் தனியார் பிடிக்கலாம். பிடித்தால் ஆறு மணி நேரத்துக்குள் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும். காவல் குழுவுக்குச் சட்டம் தருவது கண்ணும் குரலும் மட்டுமே. தண்டிக்கும் கையை அது தரவில்லை.

இனி நம் தலைப்புக்கு வருகிறேன். இரவுக் காவல் தமிழருக்குப் புதிதன்று. நள்ளிரவில் மதுரைத் தெருக்களைச் சுற்றிவரும் ஊர்க்காவலரை மதுரைக்காஞ்சி பாராட்டுகிறது. அவர்கள் அஞ்சாதவர்கள், உறங்காதவர்கள், கள்வரின் வழிகளை அறிந்தவர்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்ற வரியே உண்டு; ஊர் தன் காவலுக்காகக் கொடுத்தது அது. சம்புவராயர்களின் தலைநகராய் விளங்கிய நம் ஊரின் பெயரே படைவீடு என்பதன் திரிபு. குழந்தையைப் பாடும் பிள்ளைத்தமிழின் முதற் பருவம் காப்புப் பருவம். நூல் எழுதத் தொடங்குகிறவரும் காப்புச் செய்யுளோடுதான் தொடங்குகிறார். காத்தலில் தொடங்குவது நம் மரபு.

ஆனால் மதுரைக்காஞ்சி பாடிய அதே மதுரையில்தான், ஊர்க்காவலர் கையால் ஒரு குற்றமற்றவன் மாண்டான். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நாம் அனைவரும் பலமுறை படித்திருக்கிறோம், கண்ணீரும் விட்டிருக்கிறோம். இன்று அக்காதையைக் காவல் குழுவின் கண்கொண்டு ஒருமுறை படிக்குமாறு வேண்டுகிறேன்.

கோவலன் வேற்றூரான், புகாரிலிருந்து வந்தவன். பொற்கொல்லனோ அரண்மனைக்கு வேண்டியவன். அரசியின் சிலம்பைக் களவாடியவனும் அவனே. ஆயினும் ஊரறிந்தவன் சொல் எடுபட்டது. அறிமுகமற்றவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. மன்னனும் ஆராயாமல் ஆணையிட்டான். இது வரை எல்லோரும் சொல்லும் செய்தி. அதன் பிறகு நடப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆணை கையிலிருந்தும் காவலர் உடனே வெட்டவில்லை. கோவலனைப் பார்க்கிறார்கள், இவனிடம் கொலைக்குரியவனின் குறி எதுவும் இல்லை என்று தயங்குகிறார்கள். அவர்கள் கண் சரியாகவே பார்த்தது.

அத்தயக்கத்தைப் பொற்கொல்லன் எதனால் உடைத்தான்? சான்று காட்டியன்று. கதை சொல்லி. கள்வர் மந்திரம் அறிவர், தெய்வத்தைத் துணைக்கொள்வர், மருந்து வைத்திருப்பர், நிமித்தம் பார்ப்பர், தந்திரம், இடம், காலம், கருவி ஆகியன அவர்க்குக் கைவந்தவை என்று எட்டுத் துணைகளையும் அடுக்கி விரிவுரையே ஆற்றுகிறான். அவற்றுள் ஒன்றும் கோவலனைப் பற்றியதன்று. அதைக் கேட்ட இளங்காவலன் ஒருவன், மழை இருட்டில் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த ஒரு கள்வனின் கதையைச் சொல்கிறான். அதுவும் கோவலனைப் பற்றியதன்று. எங்கோ எவரோ செய்த களவுகளெல்லாம் எதிரே நின்ற ஒருவன்மீது வந்து படிந்தன. கேட்டுக்கொண்டிருந்தோருள் கல்வியறிவற்ற, மது மயக்கத்திலிருந்த ஒருவன் வாளை வீசினான். வெட்டியது ஒரு கை. அக்கைக்கு வலிமை தந்தவை இரண்டு கதைகள். இளங்கோவடிகள் கொலையை ஓரிரு அடிகளில் முடித்துவிட்டு, கதை சொன்ன நேரத்தை நீளப் பாடியிருப்பதன் காரணம் இதுவே என்று துணிகிறேன்.

சான்ஃபோர்டும் மதுரையும் தொலைவு என்று யாரும் எண்ண வேண்டாம். இவ்விரண்டும் நம் போளூர் வட்டத்தைத் தீண்டிச் சென்றிருக்கின்றன.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திர மாநிலம் சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டது. கல்லும் கோடரியும் கொண்டு தாக்க வந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்று அப்படையினர் கூறினர். பேருந்தில் சென்றவர்களை இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று உயிர் தப்பியோர் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் கூறினர். மாண்டவருள் சவ்வாது மலையூர்களைச் சேர்ந்தோர் உண்டு. நம் படவேட்டுப் பக்கத்துச் சிற்றூர்களைச் சேர்ந்தோரும் உண்டு. அவ்வூர்களுக்குச் சடலங்கள் வந்த நாளை இங்கிருப்போர் மறந்திருக்க முடியாது. மறு உடற்கூறு ஆய்வு வேண்டும் என்று உறவினர் உயர் நீதிமன்றம் வரை சென்றனர். மரம் வெட்டுவது குற்றமாயின் அதற்குச் சிறை உண்டு, சாவு இல்லை. அன்று நம் வட்டாரமே ஒரே குரலில் கேட்டது: கள்வன் என்று சொல்லிவிட்டால் கொன்றுவிடலாமா? விசாரிக்க வேண்டாமா? தற்காப்பு என்ற ஒரு சொல் இருபது உயிர்களுக்குக் கணக்குக் காட்டிவிடுமா?

சரியான கேள்வி. மூன்றாண்டுகள் கழிந்தன.

2018 மே 9 அன்று, சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார் காரில் புறப்பட்டு வந்தனர். மலேசியாவிலிருந்து வந்த உறவினரும் அவர்களுடன் இருந்தனர். போளூரை அடுத்த அத்திமூர்ப் பக்கத்தில் உள்ள குலதெய்வக் கோயிலை வழிபடுவது அவர்கள் நோக்கம். வழியில் நின்று வழி விசாரித்தார்கள். அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட்டுக் கொடுத்தார்கள். பிள்ளை பிடிப்போர் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி அந்நாளில் நம் மாவட்டத்திலும் வேலூர் மாவட்டத்திலும் கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டிருந்தது. ஊர் திரண்டது. துரத்திச் சென்று மடக்கி அடித்தது. 65 வயது மூதாட்டி ஒருவர் மாண்டார். உடன்வந்த நால்வரும் படுகாயமுற்றனர். தமிழ் பேசியவர்கள், நம் தெய்வத்தைத் தேடி வந்தவர்கள். சிறுவன் கையில் இருந்த மிட்டாய் சான்ஃபோர்டில் அவனைக் காக்கவில்லை. மூதாட்டி கையால் கொடுத்த மிட்டாய் இங்கே அவருக்கு எதிரான சான்றாயிற்று.

கள்வர் என்ற பெயரால் நம்மவர் கொல்லப்பட்டபோது நாம் கேட்ட கேள்வியை, மூன்றாண்டுகளில் நாமே மறந்தோம். அடித்தவர்களும் கெட்டவர்களாகப் பிறந்தவர்கள் அல்லர். தம் பிள்ளைகளைக் காப்பதாகவே அவர்கள் எண்ணியிருப்பர். காவல் என்ற நல்ல சொல்லே அன்று கொலைக்கருவியாயிற்று.

அவையோர் முன் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வுரையை ஏற்றுக்கொண்டதன் மெய்யான காரணமும் அதுவே. பிள்ளை பிடிப்போரைப் பற்றிய அக்குரல் பதிவுகளுள் ஒன்று அந்நாட்களில் எனக்கும் வந்தது. பேசியவர் யார் என்று எனக்குத் தெரியாது. மெய்யோ பொய்யோ என்று விசாரிக்கவும் இல்லை. பேரக்குழந்தைகள் உள்ள வீடு என்று என் தங்கைக்கு அதனை அனுப்பினேன். எச்சரிக்கை செய்வதாகவே நினைத்தேன். அத்திமூர்ச் செய்தி வந்த அன்று இரவு, தங்கை தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, நீங்கள் அனுப்பியதை நான் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அனுப்பினேனே" என்றாள். என்னிடம் பதில் இல்லை. என் தங்கையின் தெருவில் யாரும் தாக்கப்படவில்லை என்பது என் நற்பேறு. அதில் எனக்குப் பெருமையில்லை. நான் யாரையும் அடிக்கவில்லை. பொற்கொல்லனும் யாரையும் வெட்டவில்லை. கதை சொன்னோம், அவ்வளவே.

இதனை வேறெந்த மேடையிலும் சொல்லாமல் இங்கே சொல்வதற்குக் காரணம், நாம் சொல்லை ஆள்கிறவர்கள் என்பதுதான். ஓர் எதுகைக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் நாம், கைபேசியில் வரும் சொல்லை இமைப்பொழுதில் பிறர்க்குக் கடத்துகிறோம். யாப்பில் ஓர் அசை பிழைத்தால் அவையில் எழுந்து கேட்கும் நாம், 'உதைத்த பிறகு விசாரிப்போம்' என்ற தொடரைக் கேட்டுச் சிரித்தோம். தொடர் பிழையானது. விசாரணைக்குப் பிறகுகூட உதைக்க நமக்கு உரிமையில்லை. கள்வன் என்ற சொல்லை ஒருவன்மீது ஏற்றுவதற்கு முன் அதன் பாரத்தை அறிந்திருக்க வேண்டியவர் புலவரேயல்லாமல் வேறு யார்?

நாட்டின் உச்ச நீதிமன்றம் 2018 ஜூலை 17 அன்று, கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும் என்று ஆணையிட்டது. புதிய சட்டத்தின் 103ஆம் பிரிவு, ஐவரோ மேற்பட்டோரோ ஒன்றுகூடி, இனம், சாதி, பிறந்த இடம், மொழி போன்றவை காரணமாகச் செய்யும் கொலைக்கு மரண தண்டனையோ வாழ்நாள் சிறையோ விதிக்கிறது. இவை வேண்டியவையே. ஆனால் சட்டம் கொலைக்குப் பின் வருவது. கொலைக்கு முன் வருவது கதை. அந்த இடத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

ஆகவே இரவுக் காவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நண்பரின் கோரிக்கையை வழிமொழிகிறேன். சில வரையறைகளோடு வழிமொழிகிறேன். குழுவினர் பெயர்களைக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். தனியாக யாரும் செல்லலாகாது. கையில் விளக்கும் ஊதுகுழலும் போதும். தடியும் அரிவாளும் வேண்டாம். மது அருந்தியவருக்கு அன்று முறையில்லை. சிலம்பு கற்பித்த பாடம் அது. புதியவரைக் கண்டால் முதலில் கேட்க வேண்டியது, எந்த ஊர், யார் வீட்டுக்கு, வழி தெரிய வேண்டுமா என்பதே. ஐயம் தீரவில்லையென்றால் காவல் துறையை அழைத்துவிட்டு, விலகி நின்று பார்க்க வேண்டும். உறுதிப்படாத செய்தியைக் குழுவினர் எவரும் கைபேசியில் பரப்பலாகாது. இவ்விதிகளை எழுதித் தரும் பணியை நம் வட்டம் ஏற்கட்டும். பத்தாண்டுகளாகக் கவிதை எழுதிய நாம் ஒரு பக்கம் உரைநடையும் எழுதுவோம்.

முடிக்குமுன் ஒரு சொல். ஆடி வெள்ளிகளில் இவ்வூருக்கு எத்துணை ஆயிரம் பேர் வருகிறார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர்களுள் யாரையும் நமக்குத் தெரியாது. மஞ்சளாடை உடுத்தி, முன்பின் அறியாத திண்ணையில் தலைசாய்த்து உறங்குகிறார்கள். அவர்கள் தேடிவரும் ரேணுகாம்பாள் யார்? கணவன் கொண்ட ஐயத்தால், பெற்ற மகன் கையாலேயே தலை துணிக்கப்பட்டவள் என்கிறது புராணம். அந்தச் சிரசைத்தான் கருவறையில் வைத்து வணங்குகிறோம். ஐயத்தால் வெட்டுண்ட ஒரு தாயின் முன் நின்றுதான் இவ்வூர் தலைமுறை தலைமுறையாகக் காப்பு வேண்டியிருக்கிறது. குலதெய்வத்தைத் தேடிவந்த ஒரு மூதாட்டியை நம் வட்டத்து மண்ணில் இழந்த பிறகு, அவ்வழிபாட்டின் பொருள் எனக்கு மாறிவிட்டது.

அடுத்த ஆடியில் வழிதெரியாமல் நம் தெருமுனையில் நிற்கும் அயலாருக்கு நாம் என்ன சொல்லப் போகிறோம் என்பதே, சென்ற மாதம் விட்ட இடத்திலிருந்து நாம் தொடர வேண்டிய விவாதம். அடுத்த கூட்டத்தில் அந்நண்பர் முதலில் பேசட்டும். நான் கேட்கக் காத்திருக்கிறேன்.